ஒன்பதாவது வரி

இந்தப் பை மடியிலேயே இருக்கட்டும் சார். மேலே வைத்தால் குலுங்கும். உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. குலுங்கினால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால் ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் மடியில் இருக்கட்டும்.

நீங்கள் வேலூரா? நானும் வேலூர்தான். டிக்கெட் எடுக்கும்போது வாயில் வாலாஜா என்று வந்துவிட்டது, உடனே இல்லை இல்லை வேலூர் என்று மாற்றிச் சொன்னேன். கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்த்தார். ராத்திரி முழுக்க முழித்தவன் முகம் அப்படித்தான் இருக்கும், குடித்தவன் முகம் மாதிரி. நான் குடிப்பதில்லை. இரவு வேலை. நேராக அங்கிருந்துதான் வருகிறேன், பூந்தமல்லியில் ஏறினேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி சார். ஊர்ப்பட்ட கம்பெனிகளின் கணக்கு, படம், கடிதம் எல்லாம் எங்கள் அறையில் சர்வர் என்கிற பெட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதற்குப் படித்தவன் இல்லை நான். பிளாஸ்டிக் வாளி வார்க்கிற கம்பெனியில் இருந்தேன், அதை இழுத்து மூடிவிட்டார்கள். அப்புறம் நானாகக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். தானாகக் கற்றுக்கொண்டவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு, எதைக் கற்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. இதை நான் சொல்லவில்லை, அந்த மெர்லின் சொன்னது. உங்களைப் பற்றி இல்லை அண்ணா, பொதுவாகச் சொன்னேன் என்றாள். எனக்குத் தெரியாதா யாரைப் பற்றி என்று.

மெர்லின் யார் என்று சொல்லவில்லையே. அவளைப் பார்க்கத்தான் வேலூர் போகிறேன். பார்க்க என்றால் சண்டைக்கு. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துகொள்ளட்டுமா? காற்று வேண்டும்.

எங்கள் தொழிலில் மவுஸ் கிடையாது சார். கறுப்புத் திரை, அதில் கட்டளையை எழுத்தாகத் தட்ட வேண்டும். தட்டினால் செய்யும். ஒரு கட்டளைக்கு அதைச் செய்தவர்கள் ஒரு மேனுவல் வைத்திருப்பார்கள், சீமந்தப் பத்திரிகையில் சொந்தக்காரன் பேர் போடுகிற மாதிரி ஒன்று விடாமல் இருக்கும். படித்து முடிப்பதற்குள் சர்வர் செத்துவிடும். அதனால் நாலு நாட்டு ஆட்கள் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். கட்டளைக்கு ஒரே ஒரு பக்கம். மேலே ஒரு வரி, இது என்ன செய்யும் என்று. கீழே உதாரணங்கள், அதிகம் போனால் எட்டு. எட்டுக்கு மேல் கூடாது. அவ்வளவுதான் பக்கம். சம்பளம் கிடையாது, பக்கத்தில் எழுதியவன் பேரும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். தமிழில் அதற்குக் கைக்குறிப்பு என்று பேர் வைத்து ஒரு பத்துப் பேர் எழுதுகிறோம். நான் அதில் கொஞ்சம் மூத்தவன். வயதில்.

எனக்குப் பகலில் தூக்கம் வராது. ஊரே முழித்துக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடினால் என்னவோ தப்புச் செய்கிற மாதிரி இருக்கும். குக்கர் விசில், தண்ணி லாரி, பக்கத்து அறையில் தையல் மெஷின். தையல் மெஷின் என் வீட்டுக்காரி கோமளாவுடையது. இப்போது அந்தச் சத்தம் இல்லை, அவள் வாலாஜாவில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சத்தம் போனதே, இனி நன்றாகத் தூங்குவாய் என்று ஷிப்ட்டில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். அது போனதிலிருந்து இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போய்விட்டது சார்.

தூக்கம் வராத நேரத்தில்தான் கைக்குறிப்பு எழுதுவேன். எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன் என்று சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பீர்கள். ஒவ்வொன்றையும் அந்த மெர்லின் வெட்டுவாள். மெர்லின் ஜெபா, நாகர்கோவில். நாங்கள் அனுப்புவதைச் சரிபார்த்து உள்ளே விடுவது அவள் பொறுப்பு. தணிகாசலம் அண்ணா, தணிகாசலம் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டுக் கூப்பிட்டே வெட்டுவாள். மாதக் காலண்டரைக் காட்டுகிற கட்டளை ஒன்று. அதன் கீழே, ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பில் காட்டாது, நாமாகத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினேன். வெட்டிவிட்டாள். மெஷினைச் சொன்ன நேரம் வரை சும்மா நிற்கவைக்கிற கட்டளை ஒன்று, அதன் பேரே தூக்கம். அதற்கு முதல் வரியாக, தூக்கம் வராதவர்கள் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய கட்டளை என்று எழுதினேன். உண்மைதானே? அதையும் வெட்டிவிட்டுத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள், அண்ணா, உடம்பு நல்லாருக்கா, வீட்டில் எல்லோரும் சுகமா என்று. எவ்வளவு திமிர் பாருங்கள். நான் எழுதின வரியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லலாம். என் வீட்டைப் பற்றி இவளுக்கு என்ன?

ஸ்ரீபெரும்புதூர் தாண்டிவிட்டோமா? தாண்டிவிட்டோம் போலிருக்கிறது.

இப்போது சண்டை என்னவென்றால், ஒரே ஒரு வரி. ஒன்பதாவது வரி. அதை அவள் எடுக்கச் சொல்கிறாள், நான் முடியாது என்கிறேன். இரண்டு வாரமாக இது நடக்கிறது. இன்றைக்கு வேலூரில் எல்லோரும் கூடுகிறோம், அவளும் நாகர்கோவிலிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வருகிறாள். முகத்துக்கு நேரே கேட்கப்போகிறேன். அந்த வரி பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் இனி எழுதப்போவதில்லை.

சொல்கிறேன், புரியும்படி சொல்கிறேன். இரண்டு இடத்தில் இருக்கிற ஃபோல்டரை ஒரே மாதிரி ஆக்குகிற கட்டளை ஒன்று உண்டு. பேக்கப் எடுப்பதற்கு அதுதான். முதலில் எங்கிருந்து என்று எழுத வேண்டும், அப்புறம் எங்கே என்று. முதல் இடத்தில் இருப்பதையெல்லாம் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோகும். கூட ஒரு சொல் சேர்த்தால், முதல் இடத்தில் இல்லாதது எதுவும் இரண்டாம் இடத்தில் இருக்கக் கூடாது என்று துடைத்துவிடும். நல்ல கட்டளை. ஆபீசில் தினம் அதைத்தான் ஓட்டுகிறேன், ஒன்றுக்கு மூன்று பேக்கப். வீட்டிலா? வீட்டில் என்ன இருக்கிறது பேக்கப் எடுப்பதற்கு.

அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதியது நான். எங்களிடம் ஒரு கட்டாயம் உண்டு, தன் கையால் ஓட்டிப் பார்க்காத உதாரணத்தை யாரும் அனுப்பக் கூடாது. இதில் மட்டும் எனக்கும் மெர்லினுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஓட்டிப் பார்க்காமல் எழுதுகிறவன் சமைத்துப் பார்க்காமல் சமையல் குறிப்பு எழுதுகிற மாதிரி. அதனால் ஓட்டிப் பார்த்தேன். எதை வைத்து ஓட்டுவது? நல்ல பெரிய ஃபோல்டராக வேண்டும். வீட்டில் பெரிய ஃபோல்டர் என்று இருந்தது ஒன்றுதான். கோமளாவுடையது.

கோமளா ஆரி வேலை செய்கிறவள் சார். கல்யாண ஜாக்கெட்டுக்குக் கையிலும் முதுகிலும் மணியும் ஜரிகையும் ஊசியால் கோப்பார்களே, அது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறாள். ஒவ்வொரு ஜாக்கெட்டையும் முடித்ததும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் போட்டோ எடுப்பாள், முன்னே ஒன்று, பின்னே ஒன்று. கல்யாணக்காரர்கள் வந்தால் அதைத்தான் காட்டுவாள். இந்த மயில் வேணும், ஆனா கழுத்து அந்த ஆவடிப் பொண்ணுக்குப் போட்ட மாதிரி வேணும் என்பார்கள். துணி போய்விடும், போட்டோ இருக்கும். அவளுக்குக் கடை, போர்டு, விளம்பரம் எல்லாம் அந்தப் போட்டோதான்.

நான் போட்டோவை அழிக்கவில்லை சார். அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புது டிஸ்க் ஒன்று வாங்கிவந்திருந்தேன், அவளுக்காகத்தான், இரண்டு இடத்தில் இருக்கட்டும் என்று. புது டிஸ்க்கையும் பழைய டிஸ்க்கையும் ஒரே மாதிரி ஆக்கு என்று கட்டளை கொடுத்தேன், அந்தத் துடைக்கிற சொல்லையும் சேர்த்து. ஒரே மாதிரி ஆக்கிவிட்டது. புதுசு காலியாக இருந்தது. எது முதலில் எது இரண்டாவது என்பதில் ஒரு சின்ன... பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கும் சார், கடைசி எழுத்து மட்டும் வேறாக இருக்கும். பகலில் தூங்காதவனுக்கு அது எப்படிக் கண்ணில் படும்? திரையில் ஒன்றும் வரவில்லை. இந்தக் கட்டளை வேலையை ஒழுங்காக முடித்தால் ஒன்றும் சொல்லாது, அதன் குணம் அப்படி. சரி, உதாரணம் வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டேன். இன்னும் ஒரு தடவை நிச்சயப்படுத்திக்கொள்ளலாம் என்று, ஆபீசிலிருந்து எடுத்து வந்திருந்த சோதனைக் கோப்புகளை டிஸ்க் நிறைய நிரப்பி, மறுபடி ஓட்டினேன். மறுபடி நிரப்பினேன். மறுபடி ஓட்டினேன். கடைசியில் அந்தக் கோப்புகளையும் துடைத்தேன், அவ்வளவு அக்கறையாகச் செய்தேன். ஒரு தடவை துடைத்ததோடு விட்டிருந்தால் தோண்டி எடுக்கிற கருவி உண்டு. மேலே மேலே எழுதிவிட்டால் கிடையாது.

ஆக, என் மேல் என்ன தப்பு இருக்கிறது சொல்லுங்கள். பக்கத்தில் எட்டு உதாரணம். எட்டும் எப்படிச் செய்வது என்று சொல்கிறது. செய்தது தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி இருக்கிறதா? உலகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதனால் ஒன்பதாவதாக ஒரு வரி சேர்த்தேன். வார்த்தை கூட எனக்கு மனப்பாடம். "இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால், போனதைத் திரும்பப் பெற: வழி இல்லை." இதுதான். இதில் என்ன குற்றம்?

மெர்லின் என்ன சொன்னாள் தெரியுமா? எட்டுக்கு மேல் கூடாது என்றாள். சரி, எட்டாவதை எடுத்துவிட்டு இதைப் போடு என்றேன். அண்ணா, இது உதாரணமே இல்லையே, இதில் ஓட்ட ஒரு கட்டளை இல்லையே, நாம் ஓட்டிப் பார்க்காத எதையும் பக்கத்தில் வைப்பதில்லையே என்றாள். நான் திருப்பி எழுதினேன், ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன் என்று. அதற்கு, அண்ணா என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டாள். பேச்சை மாற்றுகிறாள் பாருங்கள்.

என்ன கேட்டீர்கள்? கோமளாவா?

அவளுக்கு டிஸ்க்கில் ஏதோ கோளாறு என்று தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டேன். மறைக்கிற ஆள் இல்லை நான். கோளாறு, ஒரு ஆளிடம் கொடுத்திருக்கிறேன், எடுத்துத் தந்துவிடுவான் என்று சொன்னேன். அவள் ஊசியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "உங்களுக்குத் தெரியாததா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் வாலாஜா போய்விட்டாள். கோபத்தில் இல்லை சார், கடை வைக்க. அவள் அண்ணன் ஏகாம்பரம், எனக்கு மச்சான், பஜாரில் கடை பிடித்துக்கொடுத்திருக்கிறார், தங்கச்சி ஆரி வேலைக்கென்று. முகூர்த்த சீசன் வருகிறது, கடை போட்டால் பிய்த்துக்கொண்டு போகும். தினம் போன் செய்வாள். மெஷின் வந்துவிட்டது, போர்டு எழுதியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, கடைசியில், "அது வந்துடுச்சாங்க?" என்பாள். வந்துகிட்டே இருக்கு என்பேன். என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள். வந்துகிட்டே இருக்கு என்று சொன்னால் அவள் சரி என்பாள், நானும் போனை வைத்துவிடுவேன்.

கடை திறப்பு இன்றைக்குத்தான். பத்தரைக்கு மேல் பூஜை. மச்சான் கடைச் சுவரில் பெரிய டிவி ஒன்று மாட்டியிருக்கிறார், வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி போட்டோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். நேற்று அவரே போன் செய்து, மாப்ள, டிஸ்க்கை மறந்துடாத என்றார். நான் மீட்டிங் இருக்கிறது மச்சான், வேலூர் போய்விட்டு வருகிறேன் என்றேன். மீட்டிங் பொய்யில்லை. மீட்டிங் நிஜம்தான் சார்.

டிஸ்க்கைக் கொண்டுதான் வருகிறேன். அதுதான் இது. மடியில் இருப்பது.

காலிதான். ஆனால் கொண்டுவருகிறேன்.

நான்தான் பேசிக்கொண்டே வருகிறேன். இரவு வேலைக்காரன் இப்படித்தான், ராத்திரி முழுக்கப் பேச ஆள் கிடையாது, பகலில் பிடித்துக்கொள்வான். காவேரிப்பாக்கம் வந்துவிட்டது, ஏரி தெரிகிறது பாருங்கள். கொஞ்சம் எழுந்து நிற்கிறேன். கால் மரத்துவிட்டது.

ஒரு நிமிஷம், போன். செய்திதான். மெர்லின்.

மெர்லின்தான் சார். வேலூர் வந்துவிட்டாளாம், பஸ் ஸ்டாண்டில் காபி குடிக்கிறாளாம். அப்புறம்... படிக்கிறேன் இருங்கள். "அண்ணா, உங்கள் வரியை நான் எடுக்கவில்லை. கீழே ஒன்பதாவதாக வைக்க முடியாது, கீழே வைத்தால் ஓட்டி முடித்த பிறகுதான் கண்ணில் படும். அதனால் மேலே கொண்டுபோய்விட்டேன். பக்கத்தைத் திறந்ததும் முதலில் அதுதான். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கெட்ட செய்தியை இவ்வளவு நேராகச் சொல்ல எனக்கு வராது, அண்ணா. காலையிலேயே உள்ளே விட்டுவிட்டேன், உலகம் முழுக்கப் போயிருக்கும்."

அவ்வளவுதான். கீழே ஒரு கும்பிடு பொம்மை போட்டிருக்கிறாள்.

ஜெயித்துவிட்டேன் சார். பார்த்தீர்களா? நான் சொன்னேன் இல்லையா. ஒரு எழுத்து மாற்றவில்லை. மேலே வேறு வைத்துவிட்டாள். மேலே வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. முதலிலேயே சொல்லிவிட்டால்... ஆமாம், முதலிலேயே சொல்லிவிட்டால் கை நிற்கும். நான் கீழே வைக்கத்தான் அவ்வளவு சண்டை போட்டேன்.

இப்போது வேலூரில் எனக்கு என்ன வேலை?

சண்டைக்கென்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். இனி போனால் டீ குடிக்க வேண்டியதுதான். எல்லோரும் கைதட்டுவார்கள், தணிகாசலம் அண்ணனின் வரி என்பார்கள். கைதட்டும்போது பத்தரை ஆகியிருக்கும். வாலாஜாவில் மச்சான் டிவியைப் போட்டிருப்பார். நீலமாக எரிந்துகொண்டிருக்கும், ஒன்றும் ஓடாது. மச்சான் கோமளாவைப் பார்ப்பார். அவள் சொல்லுவாள், எங்க வீட்டுக்காரர் கொண்டுவருவார், வந்துகிட்டே இருக்கு என்று. வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லுவாள்.

கண்டக்டர் சார், வாலாஜா ஊருக்குள்ள போகுமா? டோல்கேட்டா. சரி.

இல்லை சார், சும்மா கேட்டேன்.

அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதுதான். நான் எழுதுகிறவன், எதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவேன். நேரில் வரவில்லை. நீங்கள் கொஞ்சம் கோமளாவாக இருங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சும்மா இப்படிப் பார்த்தால் போதும். ஊசியிலிருந்து தலையைத் தூக்கின மாதிரி.

கோமளா, அந்த டிஸ்க் இருக்குல்ல, அதுல ஒரு சின்னக் கோளாறு, இப்ப ஜெர்மனியில ஒரு கருவி வந்திருக்காம், அதை மட்டும்...

இல்லை. இது வேண்டாம்.

கோமளா, நான் என்ன பண்ணேன்னா, உனக்காகத்தான் பண்ணேன், புது டிஸ்க் வாங்கினேன்ல, ரெண்டு இடத்துல இருந்தா பத்திரம்னு, அந்தப் பக்கத்துல எட்டு உதாரணம் இருக்கும், அதுல...

இதுவும் நீளம். மெர்லின் இருந்தால் வெட்டியிருப்பாள். எதை வெட்டுவாள்? உனக்காகத்தான் என்பதை வெட்டுவாள். எட்டு உதாரணத்தை வெட்டுவாள். புது டிஸ்க்கை வெட்டுவாள். மேலே என்ன இருக்க வேண்டுமோ அதை மட்டும் விடுவாள்.

டோல்கேட் தெரிகிறது.

கோமளா. போட்டோ எல்லாத்தையும் நான் அழிச்சுட்டேன். திரும்பி வராது.

இவ்வளவுதான் சார். இதற்கு மேல் ஒரு வரி கிடையாது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கேட்டீர்கள். அவள் அப்படிக் கேட்பாளோ என்னவோ.

கண்டக்டர் சார், வாலாஜா இறக்கம் ஒண்ணு. ஆமா, வேலூர் டிக்கெட்டுதான், பரவாயில்ல.

காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கள் சார். பையை எடுத்துக்கொள்கிறேன். காலி டிஸ்க்தான், ஆனாலும் அதை வைத்துக்கொண்டு சொல்லத்தான் வரும் எனக்கு, வெறும் கையோடு நிற்க முடியாது. இவ்வளவு நேரமும் உங்களைக் கேட்கவேயில்லை பாருங்கள், பூந்தமல்லியிலிருந்து மடியில் எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டே வருகிறீர்கள். உங்களுக்கா, வீட்டில் யாருக்காவதா? டாக்டர் என்ன... கண்டக்டர் விசில் அடித்துவிட்டார், இறங்குகிறேன் சார், வருகிறேன். போட்டோ எல்லாத்தையும் நான் அழிச்சுட்டேன். திரும்பி வராது. போட்டோ எல்லாத்தையும் நான்...